கல்லில் நின்ற பெயர்கள் – 9: குந்தவை

இராஜராஜ சோழன் தனது 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளன்று, தஞ்சாவூர் அரண்மனையிலே இருமடி சோழன் என்று வழங்கிய பகுதியின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானம் செய்தருளிக்கொண்டிருந்த வேளையிலே, ஓர் ஆணை பிறப்பித்தான். தான் எடுப்பித்த ஸ்ரீராஜராஜேச்வரத்துப் பெருமானுக்குத் தான் வழங்கியவற்றையும், தன் அக்கன் வழங்கியவற்றையும், தன் தேவியர் வழங்கியவற்றையும், பிறர் வழங்கியவற்றையும் ஸ்ரீவிமானத்துக் கல்லிலே வெட்டுக என்பதே அந்த ஆணை. இந்த வரிசையை வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பட்டமகிஷிக்கும் மற்றைய தேவியருக்கும் முன்னால், அரசனுக்கு அடுத்தபடியாக, ஒரு தமக்கை நிற்கிறாள். அவ்விடத்தில் அவளுடைய பெயர் சொல்லப்படவில்லை. ‘அக்கன்’ என்ற உறவுமுறை ஒன்றே போதுமென்று அரசன் எண்ணினான் போலும். அதே கோயிலின் பிற சாசனங்கள் அந்தப் பெயரைக் குறைவறச் சொல்கின்றன: ஆழ்வார் பராந்தகன் குந்தவைப் பிராட்டியார்.

சென்ற இதழிலே செம்பியன் மாதேவியாரைப் பற்றி எழுதியபோது, அது அந்த அம்மையாரின் இயற்பெயரன்று, அரசியின் பட்டப்பெயரே என்று குறிப்பிட்டிருந்தேன். சோழர் குலத்துப் பெண்டிரின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர்ப்பாடு இதுதான். உலக மாதேவி, சோழ மாதேவி, திரைலோக்கிய மாதேவி, பஞ்சவன் மாதேவி என்று வரும் பெயர்களெல்லாம் அரியணையோடு வந்தவை. தொட்டிலோடு வந்தவை அல்ல. இராஜராஜனின் தாயாரும் வானவன் மாதேவி. அவன் மகன் இராஜேந்திரனின் தாயாரும் வானவன் மாதேவி. மாமியாரும் மருமகளும் ஒரே பெயரால் கல்லேறினால் பிற்கால ஆராய்ச்சியாளன் திகைத்து நிற்பதில் வியப்பென்ன? இந்தப் பட்டப்பெயர்க் கூட்டத்தின் நடுவே ‘குந்தவை’ என்பது மாத்திரம் பெற்றோர் இட்ட பெயராகவே நின்று, பட்டங்கள் பலவற்றினும் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் அது சோழநாட்டுப் பெயர் அன்று. காவிரிக் கரைக்கு வடக்கேயிருந்து வந்து சேர்ந்த பெயர். வந்த வழியையும், மீண்டும் வடக்கே சென்ற வழியையும், திரும்பவும் தெற்கே வந்த வழியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், மூன்று நூற்றாண்டுகளின் விவாக சம்பந்தங்கள் அந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே நம் கண்முன் விரிகின்றன.

முதற்கண் நாம் செல்ல வேண்டிய இடம் தஞ்சையன்று. பொன்னை ஆற்றங்கரையிலே உள்ள திருவல்லம். தீக்காலி வல்லம் என்று பழைய சாசனங்கள் கூறும் அவ்வூர், மாவலியின் வழிவந்தவர்கள் என்று தம்மைக் கூறிக்கொண்ட வாண அரசர்களுக்கு உரியதாய் இருந்தது. அவ்வூர்ச் சிவாலயத்துக் கல்வெட்டொன்று, வாணவித்தியாதரன் என்னும் வாண அரசனின் மாதேவியாரைக் ‘குந்தவ்வை’ என்று பெயர் சொல்லிக் குறிக்கின்றது. அவ்வரசி பிரதிபதி அரையரின் மகள் என்றும் அது தெரிவிக்கின்றது. இந்தப் பிரதிபதி வேறு யாருமல்லன். கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் பாண்டியன் வரகுணனோடு பொருது, தன் பக்கத்துக்கு வெற்றியைத் தேடித் தந்துவிட்டுத் தான் களத்திலே உயிர் நீத்த கங்க அரசன் முதலாம் பிருதிவீபதியே என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தப் போர் நிகழ்ந்தது ஏறக்குறைய கி.பி. 880-இல். பல்லவ அபராஜிதனுக்காகக் கங்கன் மாண்டான். பயனை அனுபவித்தவனோ அதே அணியிலே சிற்றரசனாக நின்ற ஆதித்த சோழன். சோழப் பேரரசின் உதயத்துக்குத் தன் உயிரை விலையாகக் கொடுத்த ஒருவனின் மகளுக்கு, பின்னாளில் அப்பேரரசின் தலைசிறந்த பெண்மணி தாங்கவிருந்த அதே பெயர் அமைந்திருந்தது என்பது, யாரும் திட்டமிட்டு நிகழ்ந்ததன்று எனினும், எனக்கு எப்போதும் ஆச்சரியத்தைத் தருவது.

இனி அப்பெயரின் பொருளைக் காண்போம். நாம் இன்று குந்தவை என்று ஒற்றை வகரமிட்டு எழுதுகிறோம். திருவல்லத்துக் கல்வெட்டோ வகரத்தை இரட்டித்துக் ‘குந்தவ்வை’ என்று எழுதுகிறது. அந்த இரட்டித்த வகரமே இப்பெயரின் பொருத்துவாயை நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. குந்த என்பது முற்பகுதி. அவ்வை என்பது பிற்பகுதி.

பிற்பகுதியில் ஐயப்பாட்டுக்கு இடமில்லை. அவ்வை என்பதும் ஔவை என்பதும் ஒன்றே. தாய் என்றும், மூதாட்டி என்றும், வணக்கத்துக்குரிய பெண் என்றும் பொருள்படும் பழைய திராவிடச் சொல் அது. தெலுங்கிலே அவ்வ என்றால் பாட்டி. கன்னட நாட்டிலோ இச்சொல் அவ்வெ என்றும் அப்பெ என்றும் திரிந்து, உயர்குடிப் பெண்களின் பெயர்களுக்குப் பின்னே மரியாதை விகுதியாக ஒட்டிக்கொண்டது. இராஷ்டிரகூட அமோகவர்ஷனின் மகளாய்க் கங்க நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றவள் சந்திரோபலப்பெ. ரன்ன கவிக்குப் புரவலராய் இருந்தும், லக்குண்டியிலே சமணக் கோயில் எடுப்பித்தும் புகழ்கொண்ட அம்மையார் அத்திமப்பெ. தமிழ் நாட்டிலே இந்த இடத்தை நங்கை, பிராட்டி, அடிகள், நாச்சியார் போன்ற சொற்கள் நிரப்பின. ஔவையார் என்ற ஒரு பெரும் பெயரை நாம் போற்றி வைத்திருந்தும், பிற பெண்களின் பெயர்களுக்குப் பின்னே அவ்வை என்று ஒட்டி வழங்கும் மரபு தமிழிலே பரவவில்லை. ஆகவே பெயரின் உறுப்புக்கள் தமிழருக்கு அந்நியமாகாவிடினும், அவை இணைந்த முறை கன்னட நாட்டு முறையே என்று துணிந்து கூறலாம்.

முற்பகுதியைப் பற்றி இருவேறு எண்ணங்களுக்கு வழியுண்டு. அதற்குக் காரணம் நம் எழுத்தின் இயல்பு. தமிழிலே தகரம் ஒன்றுதான். வல்லோசையோடு ஒலித்தால் வடமொழியில் குந்தம் என்பது ஈட்டி. மெல்லோசையோடு ஒலித்தால் அதுவே மல்லிகை இனத்தைச் சேர்ந்த வெண்மலர், வடமொழிக் கவிகள் நங்கையரின் பல்வரிசைக்கு ஓயாமல் உவமை கூறும் பூ. குபேரனுடைய நவநிதிகளுள் ஒன்றுக்கும் அப்பெயர் உண்டு. தமிழ்க் கல்வெட்டை மாத்திரம் வைத்துக்கொண்டு, வீரப் பெண்மணிக்கு வேலின் பெயரை இட்டார்கள் என்று ஒருவர் வாதித்தால், எழுத்தை ஆதாரமாகக் காட்டி அவரை மறுக்க இயலாது. ஆனால் வேங்கி நாட்டுச் சளுக்கிய மன்னர்களின் செப்பேடுகளிலே இப்பெயர் வருகின்றது. வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்துடைய அந்த லிபியில் அது மெல்லோசைத் தகரத்தோடேயே எழுதப்பட்டிருக்கின்றது. இராஷ்டிரகூட மூன்றாம் அமோகவர்ஷனின் தேவி குந்தகதேவி என்ற பெயருடையவளாய் இருந்ததும், அந்த மெல்லோசைக் குந்தம் அக்காலத்து அரச மாளிகைகளிலே பெண்களின் பெயருக்கு உகந்ததாய் இருந்தமையைக் காட்டுகின்றது. ஆகவே ஈட்டியை ஒதுக்கிவிட்டு மலரையே நாம் கைக்கொள்ளலாம். மல்லிகை அம்மை என்று சொன்னால் பொருள் ஏறத்தாழ வந்துவிடும். கூந்தலோடு இப்பெயரைச் சேர்த்து அழகிய கூந்தலுடையாள் என்று பொருள் கூறுவாரும் உளர். இரட்டித்த வகரத்துக்கு அவர்கள் என்ன சமாதானம் சொல்லுவார்களோ, நான் அறியேன்.

ஒரு வேடிக்கையையும் இங்கே கூற வேண்டும். தஞ்சைச் சாசனங்கள் ‘குந்தவை’யோடு நிற்பதில்லை, ‘குந்தவைப் பிராட்டியார்’ என்கின்றன. பெயருக்குள்ளேயே மரியாதைக்குரிய ஓர் அவ்வை அடங்கியிருக்க, அதன்மேல் பிராட்டியும், அதன்மேல் ஆர் விகுதியும் ஏற்றப்பட்டன. வந்த இடத்திலே அந்த அவ்வையின் ஓசை தேய்ந்து, பெயர் முழுவதும் பிரிவில்லாத ஒரே சொல்லாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திருவல்லத்திலிருந்து தஞ்சைக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? நேர்வழியில் வந்ததாகத் தோன்றவில்லை. முதற் பராந்தகன் வாணர் இருவரை வென்று அவர்களுடைய நாட்டைப் பறித்து, அதைத் திருப்புறம்பியத்தில் மாண்ட கங்கனின் பேரனாகிய இரண்டாம் பிருதிவீபதிக்கு வழங்கினான். வாணர் குலத்துக் குந்தவ்வையின் கதை அத்தோடு முடிகின்றது. பெயர் சோழ அரண்மனைக்குள்ளே நுழைந்தது பராந்தகனின் மகன் அரிஞ்சயனின் தேவியாக வந்த வேறொரு குந்தவையோடு. அவளைச் சாசனங்கள் ‘வீமன் குந்தவையார்’ என்று கூறுகின்றன.

வீமன் என்ற இந்த முன்னொட்டு மிகவும் மதிப்புள்ளது. அக்காலத்திலே தந்தையின் பெயரை முன்னிறுத்தி மகளின் பெயரைக் கூறுவது வழக்கம். இரண்டாம் பராந்தகன் என்னும் சுந்தர சோழனின் மகளை ‘பராந்தகன் குந்தவை’ என்று தஞ்சைச் சாசனம் கூறுவது போலவே, வீமன் குந்தவை என்றால் வீமனின் மகளாகிய குந்தவை என்றே கொள்ள வேண்டும். வீமன் என்பது பீமன் என்ற பெயரின் தமிழ் வடிவம். பீமன் என்ற பெயருடைய அரசர்கள் வேங்கியை ஆண்ட கீழைச் சளுக்கியரிடையே இருந்தார்கள். அவர்களுள் இரண்டாம் பீமன் 934 முதல் 945 வரையில் ஆண்டவன். காலமும் பெயரும் பொருந்துவதால், அரிஞ்சயனின் தேவி வேங்கி நாட்டு இளவரசி என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். அக்கருத்து எனக்கும் உடன்பாடே. வேங்கி தெலுங்கு நாடாயிற்றே, கன்னட முறையிலமைந்த பெயர் அங்கே எப்படி வந்தது என்று கேட்கலாம். கீழைச் சளுக்கிய வம்சத்தை நிறுவிய குப்ஜ விஷ்ணுவர்த்தனன், வாதாபியிலிருந்து ஆண்ட இரண்டாம் புலிகேசியின் தம்பி. குலத்தின் வேர் கன்னட நாட்டிலே இருந்தது. கோதாவரிக் கரைக்கு வந்து மூன்று நூற்றாண்டுகள் ஆகியும், மொழி மாறியும், குலத்துப் பெண்களின் பெயர்கள் அவ்வளவு எளிதில் மாறிவிடுவதில்லை.

வீமன் குந்தவை மணந்த காலம் சோழருக்கு நல்ல காலமன்று. 949-இல் தக்கோலத்துப் போர்க்களத்தில் அரிஞ்சயனின் தமையன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். தொண்டை மண்டலம் இராஷ்டிரகூடர் வசமாயிற்று. அரிஞ்சயன் அரசாண்டது சொற்ப காலமே. ஆற்றூரில் இறந்தமையால் ஆற்றூர்த் துஞ்சிய தேவர் என்று அவன் பிற்காலத்தே குறிக்கப்பட்டான். அவன் பேரனான இராஜராஜன் அவனுக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இன்றும் மேற்பாடியில் நிற்கிறது. மேற்பாடியும் திருவல்லமும் ஒரே பொன்னை ஆற்றின் கரையில் உள்ளவை என்பது, குந்தவை என்ற பெயரின் சுவட்டைப் பற்றிச் செல்வோருக்கு ஓர் எதிர்பாராத இன்பம்.

கணவன் இறந்த பின்னும் வீமன் குந்தவையார் உயிர் வாழ்ந்து கோயில்களுக்கு நிவந்தங்கள் அளித்தார். அரிஞ்சயனுக்குப் பின் அரியணை ஏறிய சுந்தர சோழன் அவர் வயிற்றில் பிறந்தவன் அல்லன்; அன்பில் செப்பேடு அவனைக் கலியாணி என்னும் வைதும்ப குலத்து இளவரசியின் மகனாகக் கூறுகின்றது. இங்கேதான் நம் கதையின் சுவையான முடிச்சு விழுகின்றது. தமிழிலே பேரன் என்பதும் பேர்த்தி என்பதும் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பதே அவற்றின் பொருள். அம்முறைப்படி சுந்தர சோழன் தன் மகளுக்குத் தாயின் பெயரை இட்டிருந்தால் நாம் இன்று கலியாணிப் பிராட்டியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவனோ மாற்றாந்தாயின் பெயரை இட்டான். மாற்றாந்தாயிடம் வளர்ந்த பாசமோ, வேங்கியின் நட்பைப் பேண வேண்டும் என்ற ராஜதந்திரமோ, காரணம் எதுவாயினும், வைதும்பரினும் சளுக்கியர் பெரிய குலத்தார் என்பதை அரண்மனை மறந்திருக்க முடியாது. தக்கோலத்தின் காயம் ஆறாத ஒரு குடும்பம் தன் பெண் குழந்தைக்கு வலுவுள்ள ஒரு நட்பு நாட்டின் பெயரைச் சூட்டியது என்று நான் எண்ணுகிறேன்.

அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆயிற்று என்பதைத் தமிழ் மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பொன்னியின் செல்வன் நாவலிலிருந்து அறிந்த குந்தவையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுக் கல்லில் உள்ள குந்தவையைப் பார்ப்பது நலம். கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர். கதையிலே எத்தனையோ அத்தியாயங்களை நிரப்பும் அவ்வீரர் தஞ்சைக் கல்வெட்டிலே ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார்’ என்று மனைவியின் அடைமொழிக்குள்ளே அடங்கி நிற்கிறார். தந்தை காஞ்சியிலே பொன் மாளிகையில் இறந்தார். தாயார் வானவன் மாதேவியார், மலையமான் குலத்தவர், பால் குடிக்கும் மகவைப் பிரிந்து கணவரோடு தீயில் இறங்கினார் என்று திருக்கோவலூர்ச் சாசனம் கூறும். தம்பியின் பெருங்கோயிலுக்குள்ளே குந்தவைப் பிராட்டியார் நிறுவிய செப்புத் திருமேனிகளின் பட்டியலைப் படித்து வரும்போது, ஆடவல்லாருக்கும் தட்சிணமேரு விடங்கருக்கும் துணையாய் உமாபரமேச்வரியின் படிமங்களைச் செய்து வைத்ததைச் சொன்ன அதே ஒழுங்கான நடையிலே, பொன்மாளிகைத் துஞ்சின தேவரையும் ‘தம்மை’யையும் எழுந்தருளுவித்தார் என்று வருகின்றது. தம்மை என்றால் தம் அம்மை. தந்தைக்குப் பட்டப்பெயர் சொன்ன எழுத்தன் தாய்க்குப் பட்டம் ஒன்றும் சொல்லாது, மகளின் வாய்ச்சொல்லையே கல்லில் ஏற்றிவிட்டான்.

அந்தத் திருமேனிகளுக்கு அளித்த ஆபரணங்களின் விவரமும் அவ்வாறே. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று வடிவத்தாலும், குளிர்ந்த நீருடையவை, சிவந்த நீருடையவை என்று ஒளியாலும் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். நல்ல முத்தோடு கறடும் சப்பத்தியும் கலந்திருப்பதை ஒளிக்காமல் எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது. கொடுத்தவள் அரசனின் அக்கை என்பதற்காகக் கணக்கன் தன் எழுத்தாணியைத் தளர்த்தவில்லை. அக்கையும் தளர்த்தச் சொல்லவில்லை.

தந்தையின் பெயரால் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்று நோயாளர்க்கு ஒரு சாலை அமைத்து அதற்கு நிவந்தம் வைத்தவரும் இவரே. தந்தையின் பெயரால் சாலை. தன் பெயரால் கோயில்கள். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அக்காலத்தில் இராஜராஜபுரம் எனப்பட்டது. அங்கே பிராட்டியார் இரவிகுல மாணிக்க ஈச்வரம் என்று சிவனுக்கும், குந்தவை விண்ணகர் என்று திருமாலுக்கும், குந்தவை ஜினாலயம் என்று அருகனுக்கும் ஆக மூன்று கோயில்கள் எடுப்பித்தார். மூன்றனுள் இரண்டிலே தம் பெயரை இட்ட அவர், சிவன் கோயிலுக்கு மாத்திரம் குலத்தின் பெயரை இட்டது ஏன் என்று யோசிப்பவர்கள் யோசிக்கலாம்.

போளூருக்கு அருகே திருமலையிலும் ஒரு குந்தவை ஜினாலயம் உண்டு. கங்கை கொண்ட இராஜேந்திரனின் வடநாட்டு வெற்றிகளை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தியோடு கூடிய புகழ்பெற்ற பாறைக் கல்வெட்டு அந்த மலையிலேதான் இருக்கிறது. சரித்திர மாணவர்கள் மெய்க்கீர்த்தியைப் படித்துவிட்டு, கங்கையையும் வங்காளத்தையும் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டு, கீழே இறங்கிவிடுவார்கள். மெய்க்கீர்த்திக்குப் பின்னே சாசனத்தின் உண்மையான செய்தி சில வரிகளிலே இருக்கிறது: பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி, ஸ்ரீகுந்தவை ஜினாலயத்துத் தேவர்க்கு விளக்கெரிக்கவும் அமுதுபடிக்கும் காசு கொடுத்தாள். அந்த வணிகன் மனைவியின் பெயர் சாமுண்டப்பை. பை என்று முடியும் அந்த விகுதி, நாம் முன்னே கண்ட கன்னட நாட்டு அப்பெயேதான். பெரும்பாணப்பாடி என்பதோ வாணர் ஆண்ட நாடு. திருவல்லத்துக் குந்தவ்வையின் நாடு. ஆக, குந்தவை என்ற சொல்லின் அமைப்பு சோழ அரண்மனைக்குத்தான் அபூர்வமேயன்றி, தொண்டை மண்டலத்தின் வடமேற்கு ஓரத்துச் சமண வணிகர் குடும்பங்களிலே நாள்தோறும் காதில் விழுந்த ஒன்று. அரசனின் அக்கையின் பெயரைத் தாங்கிய கோயிலிலே விளக்கேற்றிய சாமுண்டப்பை, அப்பெயரைத் தஞ்சாவூர்க்காரர்களை விட நன்றாகப் புரிந்துகொண்டிருப்பாள். பெயரோடு சமணப் பற்றும் வடக்கேயிருந்து வந்ததென்று சிலர் நீட்டிச் சொல்ல விரும்பக்கூடும்; மூன்று சமயத்துக்கும் ஒரே ஊரில் கோயில் கட்டியவரின் மனத்தை அவ்வளவு எளிதாக ஒரு வம்சாவளிக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். இராஜராஜன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். இம்முறை அது பாட்டி பெயருமன்று, அத்தையின் பெயர். தமக்கையிடத்து அவனுக்கிருந்த பக்தி அதில் வெளிப்படுகின்றதாயினும், அந்த மகள் எங்கே மணமுடித்துச் சென்றாள் என்பதைப் பார்த்தால் வேறொன்றும் புலனாகும். வேங்கியில் 973-இல் தானார்ணவன் என்னும் சளுக்கிய அரசன் ஜடாசோட வீமனால் கொல்லப்பட்டான். 27 ஆண்டுகள் அந்நாடு உரிய அரசனின்றிக் கிடந்ததாகச் சளுக்கியச் செப்பேடுகள் வருந்திக் கூறுகின்றன. தானார்ணவனின் மக்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் தஞ்சையிலே அடைக்கலம் புகுந்தார்கள். இராஜராஜன் படை நடத்தி மூத்தவனை வேங்கி அரியணையில் அமர்த்தினான்; இளையவனுக்குத் தன் மகளைக் கொடுத்தான். இரண்டு தலைமுறைக்கு முன்னே வேங்கியிலிருந்து தாய்வீட்டுச் சீராக வந்த பெயர், இப்போது தஞ்சைச் சீராக வேங்கிக்கே திரும்பிச் சென்றது. விமலாதித்தன் 1011-இல் பட்டமேற்றபோது, சளுக்கியச் செப்பேடுகளை எழுதிய பண்டிதர்கள் இராஜராஜனின் மகளாகிய இந்த அரசியின் பெயரைத் தங்கள் எழுத்திலே, தங்கள் ஒலியோடு பொறித்தார்கள். மலரா ஈட்டியா என்ற வினாவுக்கு நமக்கு விடையளித்தது அந்த எழுத்துத்தான்.

இதன் பின் இரு குலங்களும் பின்னிப் பிணைந்து போயின. இளைய குந்தவையின் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரே இடப்பட்டது. அவனே நன்னயரைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கிலே செய்வித்த இராஜராஜ நரேந்திரன், 1022-இல் முடிசூடியவன். அவன் மணந்தது தன் மாமன் இராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கா தேவியை. அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு மீண்டும் தாய்வழிப் பாட்டனின் பெயர், இராஜேந்திரன். அவனே 1070-இல் சோழ அரியணை ஏறிக் குலோத்துங்கன் ஆனவன். ஆண்களின் பெயர்கள் இவ்வாறு தாய்வழியாகத் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்க, இராஜராஜ நரேந்திரனின் மகள் ஒருத்திக்குத் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயர் கிடைத்தது. அவளும் குந்தவை. நாம் இதுவரை கண்டவர்களுள், முறைப்படி பேர்த்தி என்ற சொல்லுக்குப் பொருள் முழுவதும் பொருந்தியவள் இவள் ஒருத்தியே.

அண்ணன் சோழ மண்டலத்துக்கு வந்து முடி சூடியபின் இந்தக் குந்தவை ஆழ்வாரும் தமிழ் நாட்டிலே காணப்படுகிறார். குலோத்துங்கனின் 44-ஆம் ஆண்டாகிய 1114-இல் பொறித்த சிதம்பரம் சாசனம், அவர் தில்லைப் பெருமானுக்குச் செய்த பொற்பணிகளைக் கூறிவிட்டு, காம்போஜ நாட்டு அரசன் சோழ மன்னனுக்குக் காட்சிப் பொருளாக அனுப்பிய கல்லொன்று அவ்வாலயத்திலே பதிக்கப்பட்ட செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது. கடல் கடந்த கம்போஜத்தின் கல்லும், கோதாவரிக் கரையில் பிறந்த இளவரசியின் பொன்னும் ஒரே சாசனத்தில் சந்திக்கின்ற அந்த இடமே, அரச குலத்திலே குந்தவை என்ற பெயர் பெருமையோடு விளங்கிய கடைசிப் பெரிய இடம் எனலாம். அதன் பின் அது அருகிப் போயிற்று. பாட்டிலோ பழமொழியிலோ நாட்டுப்புறக் கதையிலோ அது குடியேறவில்லை. இராணி மங்கம்மாளைச் சாலையும் சத்திரமும் நினைவூட்டிக்கொண்டிருந்த அளவுக்குக்கூட, தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் குந்தவையை ஊராருக்கு நினைவூட்டவில்லை. படிக்கத் தெரிந்தவர் இல்லாத சுவர் என்ன செய்யும்?

படிக்கத் தெரிந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தார்கள். ஹுல்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. திருமலைச் சாசனங்கள் அதில் இடம்பெற்றன. தஞ்சைக் கோயிலுக்கென்றே அமைந்த இரண்டாம் தொகுதி அடுத்த ஆண்டு முதல் பகுதி பகுதியாக வரத் தொடங்கிற்று. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் அந்தச் செய்திகளை ஒழுங்குபடுத்தித் தந்தன. ஆனாலும் அவை படித்தவர் மேசையிலேயே இருந்தன. 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘கல்கி’ பத்திரிகையிலே பொன்னியின் செல்வன் தொடர்கதை தொடங்கி, வாரந்தோறும் 1954 வரையில் வந்த பிறகே, மணியம் தீட்டிய கொண்டையும் கம்பீரமுமாகக் குந்தவை வீடுகளுக்குள்ளே வந்தாள். செம்பியன் மாதேவியார் மூத்த பிராட்டியாகக் கதையில் இருந்தமையால், இவளை இளைய பிராட்டி என்று அழைக்கச் செய்தார் ஆசிரியர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்கற்றுக் கிடந்த ஒரு பெயரை, பிறப்புப் பதிவேட்டிலே எழுதச் சொல்லித் தந்தையர் கேட்கத் தொடங்கியது அதன் பிறகுதான். வேங்கியின் நட்போ வாணரின் நாடோ அவர்கள் மனத்தில் இல்லை. தம்பியை அரசனாக்கிய ஒரு தமக்கையின் மிடுக்கு ஒன்றே இருந்தது. அது பொருத்தமே.

1966-இல் தஞ்சாவூரிலே பெண்களுக்கென்று ஏற்பட்ட அரசுக் கல்லூரிக்குக் குந்தவை நாச்சியார் என்ற பெயர் அமைந்தது. கல்வெட்டு இட்ட பிராட்டியாரை எடுத்துவிட்டு நாச்சியாரைச் சேர்த்திருக்கிறார்கள். ஊர் மக்களோ அதையும் சுருக்கிக் குந்தவைக் கல்லூரி என்றே சொல்லுகிறார்கள்.

இராஜராஜனின் பட்டமகிஷிக்கு உலக மாதேவி என்பது பட்டப்பெயர். திருவையாற்றிலே தாம் எடுப்பித்த கற்றளிக்கு அவர் இட்டதும் அந்தப் பட்டத்தையே. அவருடைய இயற்பெயர் தந்திசக்தி விடங்கி. அடுத்த இதழில் அந்தப் பெயரைக் காண்போம்.